“அதிபர் நம்மவரா?” – பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்கும் தவறான கேள்வி



தேசிய தினத்தை ஒட்டி என் ஆறாம் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். சிங்கப்பூரின் அதிபர்களைப் பற்றிச் சுவரொட்டி ஒன்று செய்யும்படி மாணவர்களிடம் கூறியிருந்தேன். ஒன்பது படங்களை வரிசையாக ஒட்டினார்கள். பெயரும் ஆண்டும் பிழையின்றி எழுதினார்கள். மூன்று படங்களைச் சுற்றி மட்டும் தங்கநிறத் தாளால் சட்டம் போட்டார்கள். தேவன் நாயர், எஸ்.ஆர். நாதன், தர்மன் சண்முகரத்னம். “இவர்கள் நம்மவர்கள், ஆசிரியர்!” என்றான் ஒரு மாணவன். நான் சிரித்தேன். தங்கத்தாளைக் கொடுத்தவளே நான்தான்.

பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. வீட்டில் மலையாளம் பேசி, பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளை அவன். “தேவன் நாயர் எங்கள் ஆள், ஆசிரியர். அவர் மலையாளி என்று அப்பா சொன்னார்” என்றான். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. “அப்படியானால் தங்கத்தாளை எடுத்துவிடு” என்றான் ஒருவன். “எடுக்கக்கூடாது, அவரும் இந்தியர்தான்” என்றாள் ஒருத்தி. இழுபறியில் தாள் பாதி கிழிந்தது.

அப்போதுதான் வழக்கமாக வாய் திறவாத ஒரு மாணவி கேட்டாள். “அது இருக்கட்டும், ஆசிரியர். அதிபர் என்ன வேலை செய்வார்?”

நான் விடை கூறினேன். அதிபர் நாட்டின் தலைவர். தேசிய தின அணிவகுப்பில் மரியாதையை ஏற்றுக்கொள்வார். வெளிநாட்டுத் தலைவர்களை இஸ்தானாவில் வரவேற்பார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அணிவகுப்பு ஒரு நாள்தானே, ஆசிரியர். மற்ற நாள்களில்?” என்றாள்.

மணி அடித்தது. நான் தப்பித்தேன். ஆனால் வீடு திரும்பும் பேருந்தில் அந்தக் கேள்வி என்னுடன் வந்து அமர்ந்துகொண்டது. இருபது ஆண்டுகளாகக் கற்பிக்கிறேன். நன்னெறியும் குடியியலும் நம் தொடக்கப்பள்ளிகளில் தாய்மொழியில்தான் கற்பிக்கப்படுகின்றன. அதாவது, நாட்டின் உயர்ந்த பதவி எத்தகையது என்பதை இந்தப் பிள்ளைக்குத் தமிழில் சொல்லவேண்டியவள் நான். நான் சொல்லிக்கொடுத்ததோ தங்கத்தாள் ஒட்டுவதற்கு!

ஆகவே இன்று சற்றுக் கடுமையாகவே எழுதப்போகிறேன். முதற்குற்றவாளி நான்தான் என்பதை ஒப்புக்கொண்டு எழுதுகிறேன்.

இரண்டு நோய்கள், ஒரே வேர்

அதிபர் பதவியைப் பற்றி நம்மவர்கள் பேசும்போது இரண்டு குரல்களைக் கேட்கிறேன். ஒன்று, “நம் இனத்தவர் உச்சிக்குச் சென்றுவிட்டார்” என்னும் பெருமிதக் குரல். மற்றொன்று, “அதிபரா? நாடா வெட்டுகிறவர், கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்கிறவர், பொம்மை” என்னும் ஏளனக் குரல். வியப்பு என்னவென்றால், பல வீடுகளில் இவ்விரண்டு குரல்களும் ஒரே வாயிலிருந்து வருகின்றன. தேர்தல் நாளில் பெருமிதம், மறுவாரம் ஏளனம்.

இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. அந்தப் பதவியின் வேலை என்ன என்று நமக்குத் தெரியாது. தெரியாததால் ஆளின் முகத்தைப் பார்க்கிறோம். முகம் நம்முடையதுபோல் இருந்தால் கைதட்டுகிறோம். இல்லையென்றால் கொட்டாவி விடுகிறோம்.

பெயர்ப் பட்டியல் கற்பிப்பதற்கு எளிது. திருத்துவதற்கும் எளிது. யூசோஃப் இஷாக், பெஞ்சமின் ஷியர்ஸ், தேவன் நாயர், வீ கிம் வீ, ஓங் டெங் சியோங், எஸ்.ஆர். நாதன், டோனி டான், ஹலிமா யாக்கோப், தர்மன் சண்முகரத்னம். ஒன்பதுக்கு ஒன்பது மதிப்பெண். ஆனால் இந்தப் பட்டியலை ஒப்பிக்கும் பிள்ளைக்கு ஒரு முக்கியமான செய்தி தெரியாமல் போகிறது. முதல் மூவர் வகித்த பதவியும் கடைசி ஐவர் வகித்த பதவியும் பெயரளவில் ஒன்று, அதிகாரத்தில் வேறு.

பதவி மாறிய கதை

நம் பணத்தாள்களில் தினமும் காணும் முகத்திற்குரியவர் யூசோஃப் இஷாக். 1939இல் ‘உத்துசான் மெலாயு’ நாளிதழைத் தொடங்கியவர்களுள் ஒருவர். சிங்கப்பூர் தன்னாட்சி பெற்ற 1959ஆம் ஆண்டின் டிசம்பரில் ‘யாங் டி பெர்துவான் நெகாரா’ என்னும் நாட்டுத் தலைவர் பொறுப்பை ஏற்றார். 1965 ஆகஸ்ட் 9இல் மலேசியாவிலிருந்து பிரிந்து குடியரசானபின் அவரே நாட்டின் முதல் அதிபர். இனக்கலவரங்களின் காயம் ஆறாத காலம் அது. சீனர் பெரும்பான்மையாக வாழும் புதிய நாட்டின் தலைமை இடத்தில் மலாய்க்காரர் ஒருவர் அமர்ந்திருந்தார். அதற்கு ஒரு பொருள் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. 1970 நவம்பரில் பதவியில் இருந்தபோதே அவர் காலமானார்.

அடுத்து வந்த ஷியர்ஸ் மகப்பேற்று மருத்துவர். 1971 முதல் 1981இல் மறையும்வரை பதவி வகித்தார். 1981இல் வந்த தேவன் நாயர் தொழிற்சங்கத் தலைவர். 1985இல் பதவி விலகினார். அதே ஆண்டு வந்த வீ கிம் வீ செய்தியாளராக இருந்து தூதரானவர். இந்நால்வரையும் தேர்ந்தெடுத்தது நாடாளுமன்றம். மக்கள் வாக்களிக்கவில்லை. அவர்கள் ஏறத்தாழ எல்லாவற்றிலும் அமைச்சரவையின் அறிவுரைப்படி நடக்கவேண்டியவர்கள்.

இங்கே தேவன் நாயரைப் பற்றி ஒன்றைச் சொல்லவேண்டும். பிரிட்டிஷார் ஆட்சியில் அவர் 1951இலும் 1956இலும் விசாரணையின்றித் தடுத்துவைக்கப்பட்டார். 1959இல் மக்கள் செயல் கட்சி தேர்தலில் வென்றபிறகே விடுதலை பெற்றார். தடுப்புக்காவலில் ஆண்டுக்கணக்கில் இருந்த ஒருவர் பிற்காலத்தில் நாட்டின் அதிபரானார். ஆயினும் அவர் அதிபராக இருந்த காலத்தில், ஒருவரைத் தொடர்ந்து தடுத்துவைப்பதற்கு எதிராக ‘வேண்டாம்’ என்று சொல்லும் அதிகாரம் அதிபருக்கு இருக்கவில்லை. அவர் தமிழரா மலையாளியா என்று என் வகுப்பு சண்டையிட்டது. இந்தச் செய்தியை அவர்களுக்குச் சொல்லியிருந்தால் அந்தச் சண்டை வந்திருக்குமா?

மாற்றத்திற்கான எண்ணத்தை 1984இல் பிரதமர் லீ குவான் இயூ வெளிப்படுத்தினார். 1988இலும் 1990இலும் வெள்ளை அறிக்கைகள் வந்தன. 1991 ஜனவரியில் நாடாளுமன்றம் அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தியது. அதிபரை மக்களே தேர்ந்தெடுப்பார்கள். அவருக்குச் சில விவகாரங்களில் மறுக்கும் அதிகாரம் இருக்கும் என்று சட்டம் கூறியது. அவ்வாண்டு இறுதியில் சட்டம் நடப்புக்கு வந்தபோது பதவியில் இருந்த வீ கிம் வீ அந்த அதிகாரங்களை முதன்முதலாகப் பெற்றார். 1993 ஆகஸ்ட் 28இல் மக்கள் முதன்முறையாக வாக்களித்து ஓங் டெங் சியோங்கைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இரண்டாவது சாவி

மற்ற நாள்களில் அதிபர் என்ன செய்கிறார் என்று கேட்ட அந்தப் பிள்ளைக்கு, மறுவாரம் நான் இப்படி விளக்கினேன்.

வீட்டில் ஒரு பெட்டகம் இருக்கிறது. தாத்தாவும் பாட்டியும் பல்லாண்டு உழைத்துச் சேர்த்த பணமும் நகையும் அதனுள் உள்ளன. அதற்கு இரண்டு பூட்டுகள். ஒரு சாவி வீட்டை நடத்தும் அப்பா அம்மாவிடம். மற்றொரு சாவி பாட்டியின் இடுப்பில். இந்த மாதச் சம்பளத்தை அப்பாவும் அம்மாவும் தம் விருப்பப்படி செலவிடலாம், பாட்டியைக் கேட்கவேண்டியதில்லை. ஆனால் பெட்டகத்தைத் திறக்கவேண்டுமானால் இரண்டு சாவிகளும் வேண்டும். பாட்டி தனியாகவும் திறக்க முடியாது.

முந்தைய அரசாங்கங்கள் தத்தம் பதவிக்காலத்தில் சேர்த்துவைத்த நிதியிருப்புதான் அந்தப் பெட்டகம். இன்றைய அரசாங்கம் தன் பதவிக்காலத்தில் ஈட்டியதைச் செலவிடலாம். முந்தைய இருப்பிலிருந்து எடுக்கவேண்டுமானால் அதிபர் இசையவேண்டும்.

பெட்டகத்தோடு வேறு சில பூட்டுகளும் உள்ளன. தலைமை நீதிபதி, தலைமைச் சட்ட அதிகாரி, ஆயுதப்படைத் தலைவர், காவல்துறை ஆணையர் போன்ற உயர் பதவிகளுக்கான நியமனத்தை அதிபர் மறுக்கலாம். லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு ஒருவரை விசாரிக்க விரும்பி, பிரதமர் அதற்கு இசைவளிக்க மறுத்தாலும், அதிபரின் இசைவோடு அதன் இயக்குநர் விசாரணையைத் தொடரலாம். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தடுத்துவைக்கப்பட்ட ஒருவரை விடுவிக்கலாம் என்று ஆலோசனை வாரியம் பரிந்துரைத்து, அரசாங்கம் அதனை ஏற்காவிட்டால், அதிபரின் இசைவின்றி அவரைத் தொடர்ந்து தடுத்துவைக்க இயலாது. சமய நல்லிணக்கச் சட்டத்தின்கீழ் பிறப்பிக்கப்படும் தடையாணைகளிலும் அவருக்கு ஒரு சொல் உண்டு.

இவற்றுக்கு எல்லையும் உண்டு. அதிபர் புதிய கொள்கை வகுக்க முடியாது. வெளியுறவு, கல்வி, வீடமைப்பு ஆகியவற்றில் அரசாங்கத்தை அவர் நடத்த முடியாது. நிதியிருப்பு குறித்தும் முக்கிய நியமனங்கள் குறித்தும் அவர் அதிபர் ஆலோசகர் மன்றத்தைக் கலந்தாகவேண்டும். மன்றத்தின் அறிவுரைக்கு மாறாக அவர் மறுத்தால், நாடாளுமன்றம் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையால் அந்த மறுப்பை மீறலாம். காவல்காரரிடம் பூட்டும் சாவியும் உண்டு, செங்கோல் இல்லை.

விளக்கி முடித்தபோது அந்த மாணவி கேட்டாள்: “பாட்டி எப்போதாவது சாவியைக் கொடுத்திருக்கிறாரா?”

பார்த்தீர்களா? வேலையைச் சொன்னதும் கேள்வியே மாறிவிட்டது!

கொடுத்த சாவியும் கேட்ட கணக்கும்

கொடுத்திருக்கிறார். 2009ஆம் ஆண்டு நினைவிருக்கிறதா? உலகப் பொருளியல் நெருக்கடியில் ஆலைகள் ஆள்குறைப்புச் செய்த காலம். என் அண்ணன் ஜூரோங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். வேலை போய்விடும் என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அஞ்சுவார். என் அம்மா செவ்வாய்தோறும் விளக்கு வைப்பார். வேலை போகவில்லை.

அவ்வாண்டு ஜனவரியில், முந்தைய நிதியிருப்பிலிருந்து 4.9 பில்லியன் வெள்ளி எடுக்க அரசாங்கம் முதன்முறையாக அதிபரின் இசைவைக் கேட்டது. அதிபர் நாதன் ஆலோசகர் மன்றத்தைக் கலந்து இசைவளித்தார். அதிலிருந்து வந்த திட்டங்களுள் ஒன்று, ஊழியரின் மாதச் சம்பளத்தில் முதல் 2,500 வெள்ளிக்கு 12 விழுக்காட்டை முதலாளிக்குக் கொடுத்து, ஆள்குறைப்பைத் தடுக்க முயன்றது. ஏறத்தாழ 4 பில்லியன் வெள்ளி பயன்படுத்தப்பட்டது. பொருளியல் மீண்டபின் 2011இல் அந்தத் தொகையை அரசாங்கம் மீண்டும் இருப்பில் சேர்த்தது. அண்ணனின் வேலை அத்திட்டத்தால்தான் நிலைத்தது என்று அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் வீட்டில் அன்று யாருக்கும் அந்த இரண்டாவது சாவியைப் பற்றித் தெரியாது என்பது உறுதி. “நாதன் நம்மவர்” என்பது மட்டும் நன்றாகத் தெரியும்!

இன்னொன்று கேளுங்கள். அன்று சாவியைக் கேட்ட அரசாங்கத்தின் நிதியமைச்சர் யார்? தர்மன் சண்முகரத்னம். கேட்டவரும் தமிழர், கொடுத்தவரும் தமிழர். இதைச் சொன்னால் நம்மில் பலர் மகிழ்வோம். சற்று நின்று எண்ணிப் பாருங்கள். கேட்டவரும் கொடுத்தவரும் ஓரினத்தவர் என்பதா அங்கே நமக்கு நம்பிக்கை தந்தது? கேட்பவர் காரணம் காட்டவேண்டும், கொடுப்பவர் தாமாக எடைபோட்டுப் பார்க்கவேண்டும் என்னும் ஏற்பாடுதான் நம்பிக்கை தரவேண்டும். ‘நம் ஆள்தானே’ என்று சாவி கைமாறுமானால் அந்தப் பூட்டு எதற்கு?

2020இல் கோவிட் காலத்தில் அதிபர் ஹலிமா, 52 பில்லியன் வெள்ளி வரை எடுக்க இசைவளித்தார். அன்று நம் வீடுகளுக்கு வந்த உதவிகளுக்குப் பின்னாலும் அந்தச் சாவி இருந்தது.

கொடுத்தவர்களைச் சொன்னேன். கணக்குக் கேட்டவரையும் சொல்லவேண்டும். ஓங் டெங் சியோங் துணைப் பிரதமராகவும் ஆளுங்கட்சியின் தலைவராகவும் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைமைச் செயலாளராகவும் இருந்தவர். அரசாங்கத்தின் சொந்த ஆள் என்றே பலரும் கருதினர். அதிபரானபின், “நான் காக்கவேண்டிய பெட்டகத்தில் என்னென்ன இருக்கின்றன?” என்னும் கேள்வியை அவர் எழுப்பினார். அரசாங்கத்தின் நிலம், கட்டடம் முதலியவற்றின் மதிப்பைக் கணக்கிட 56 ஆள்-ஆண்டு உழைப்பு தேவைப்படும் என்று அவருக்குப் பதில் வந்தது. 1999 ஜூலையில், பதவிக்காலம் முடியும் தறுவாயில், இந்தச் சிக்கல்களை அவர் செய்தியாளர்களிடம் வெளிப்படையாகக் கூறினார். நிதியிருப்பைக் கணக்கிடுவதிலும் காப்பதிலும் பின்பற்றவேண்டிய நெறிகளைப் பற்றி அரசாங்கம் அவ்வாண்டே வெள்ளை அறிக்கை வெளியிட்டது.

அவர் சீனர். என் மாணவர்களின் சுவரொட்டியில் அவருக்குத் தங்கத்தாள் கிடைக்கவில்லை. பூட்டைக் காக்க வந்தவர் பெட்டகத்தைத் திறந்து காட்டச் சொன்னார். அந்த வேலைக்குத் தங்கத்தாள் இல்லையென்றால் வேறு எதற்குக் கொடுப்பது?

“பிள்ளைகளுக்கு முன்மாதிரி வேண்டாமா?”

இதைச் சக ஆசிரியர் ஒருவரிடம் பேசியபோது அவர் வருத்தப்பட்டார். “நாம் சிறுபான்மையினர். நம் பிள்ளை பள்ளிச் சுவரில் தன்னைப்போன்ற முகத்தைப் பார்க்கும்போது நிமிர்ந்து நடக்கிறான். அதையும் பறிக்கவேண்டுமா?” என்றார். நியாயமான கேள்வி. அதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். அந்த முகம் தரும் துணிவு உண்மையானது. நானும் 2023 செப்டம்பர் 1 இரவு தொலைக்காட்சியின்முன் கண்கலங்கி அமர்ந்திருந்தவள்தான்.

ஆனால் அந்த இரவின் கணக்கைப் பாருங்கள். தர்மன் 70.4 விழுக்காடு வாக்குகளைப் பெற்றார். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டின் குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும் இந்தியர்கள் சுமார் 9 விழுக்காடு. இந்தியர் என்பவருள் தமிழர் ஒரு பகுதி. அவரைத் தேர்ந்தெடுத்த பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் நம்மினத்தவர் அல்லர். அவரோடு போட்டியிட்ட இருவரும் சீனர்கள். இனம் ஒன்றையே பார்த்து நாடு வாக்களித்திருந்தால் இந்த எண் வந்திருக்குமா? பிற இனத்தவர் தம் இனத்தைத் தாண்டி ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுத்த மறுநாளே நாம் ‘எங்கள் ஆள்’ என்று தங்கத்தாள் ஒட்டுகிறோம். அந்த வாக்குகளுக்கு நாம் காட்டும் மரியாதை இதுதானா?

தங்கத்தாளுக்கு முடிவும் இல்லை. இந்தியர் என்று தொடங்குவோம். பிறகு தமிழர் மட்டும் என்போம். பிறகு தமிழ்நாட்டு வழியா யாழ்ப்பாண வழியா என்போம். என் வகுப்பில் பத்தே நிமிடத்தில் தாள் கிழிந்தது. பெரியவர்கள் கையில் இருந்தால் இன்னும் விரைவாகக் கிழியும்.

முன்மாதிரி வேண்டுமா? செயலைக் காட்டுங்கள். 1974இல் லாஜு படகைக் கடத்தியவர்களோடு குவைத்துவரை சென்ற சிங்கப்பூர் அதிகாரிகளின் குழுவில் நாதன் இருந்தார். தாம் திரும்பிவருவோமா என்று தெரியாத பயணம் அது. இதைக் கேட்கும் தமிழ்ப் பிள்ளையும் நிமிர்வான், மலாய்ப் பிள்ளையும் நிமிர்வாள். இனப்பெருமை ஒரு வகுப்பறையோடு நின்றுவிடும். செயலின் பெருமை பள்ளி முழுவதும் செல்லும்.

“எல்லாம் பொம்மை” என்பவர்களுக்கு

மறுபக்கம் நின்று ஏளனம் செய்பவர்களுக்கும் ஒரு சொல். உங்கள் குறைகளில் உண்மை உண்டு. 1993 முதல் 2023 வரை ஆறு அதிபர் தேர்தல்கள் வந்தன. அவற்றுள் 1993, 2011, 2023 ஆகிய மூன்றில் மட்டுமே போட்டி இருந்தது. நாதன் 1999இலும் 2005இலும் போட்டியின்றி வந்தார். அதனால் எனக்கு அதிபர் தேர்தலில் வாக்களிக்கும் வாய்ப்பு முதன்முதலில் 2011இல்தான் கிடைத்தது. 

வாசலும் குறுகியது. அமைச்சர், தலைமை நீதிபதி, நிரந்தரச் செயலாளர் போன்ற உயர் பொறுப்பில் மூன்றாண்டு இருந்திருக்கவேண்டும். தனியார் துறையில் இருந்து வருபவர் பெரிய நிறுவனத்தின் தலைமை நிர்வாகியாக இருந்திருக்கவேண்டும். அந்த நிறுவனத்தின் பங்குதாரர் மூலதன அளவு 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 500 மில்லியன் வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அதே திருத்தம், ஐந்து தவணைகள் தொடர்ந்து ஒரு சமூகத்தவர் அதிபராகாவிட்டால் அடுத்த தேர்தலை அச்சமூகத்திற்கு ஒதுக்கவும் வழிசெய்தது. 2017இல் மலாய்ச் சமூகத்திற்கு ஒதுக்கப்பட்ட தேர்தலில் ஹலிமா ஒருவரே தகுதிபெற்றதால் வாக்கெடுப்பு நடக்கவில்லை. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்காத வீ கிம் வீயிடமிருந்து தவணைகளை எண்ணலாமா என்னும் கேள்வி நீதிமன்றம்வரை சென்றது. எண்ணலாம் என்றே தீர்ப்பாயிற்று.

வாக்களிக்க வாய்ப்பிருந்தும் மக்கள் அதை இழந்த தேர்தல்கள் எனக்கும் மனக்குறைதான். ஆனால் ‘பொம்மை’ என்று சொல்லிவிட்டு நகர்வதால் வாசல் அகலுமா? தகுதி விதி சரியா, ஒதுக்கீடு சரியா, எண்ணிக்கை சரியா என்று வாதிடவேண்டுமானால், அந்தப் பதவியின் வேலை என்ன என்பது முதலில் தெரிந்திருக்கவேண்டும். ‘கணக்குக் கேட்பவர் யார், கேட்கத் துணிந்தவர் யார்?’ என்று ஆராயும் மக்களைத்தான் பூட்டுக்காரரும் அஞ்சுவார், பெட்டகக்காரரும் அஞ்சுவார். 2011இல் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் டோனி டானின் வெற்றி வித்தியாசம் 7,382 வாக்குகள்தான். ஒரு வாக்கின் கனம் தெரிய வேறென்ன வேண்டும்?

நாம் செய்யக்கூடியவை

ஆசிரிய நண்பர்களே, மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று, அதிபர் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லும்போது ஒவ்வொரு பெயரின் கீழும் ஒரு செயலை எழுதச் சொல்லுங்கள். இனத்தையோ பிறந்த ஊரையோ எழுதுவது போதாது. அவர் என்ன செய்தார்? எதற்கு இசைந்தார்? எதைக் கேட்டார்?

இரண்டு, 1991க்கு முன், 1991க்குப் பின் என்று ஒரு கோடு போட்டுக் காட்டுங்கள். பதவி ஒன்று, அதிகாரம் இரண்டு என்பது பதினொரு வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே புரியும். என் மாணவர்களுக்குப் புரிந்தது.

மூன்று, தமிழ்ச் சொற்களைப் பயன்படுத்துங்கள். அரசமைப்புச் சட்டம், நிதியிருப்பு, இசைவு, மறுப்பு, ஆலோசகர் மன்றம். குடியியலை ஆங்கிலத்தில் மட்டுமே பேச முடியும் என்று நம் பிள்ளைகள் நினைத்துவிட்டால், தமிழ் அவர்களுக்குப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் உரிய மொழியாகச் சுருங்கிவிடும். நாட்டைப் பற்றித் தமிழில் கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளைதான் தமிழை உண்மையில் வைத்திருக்கிறது.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரே வேண்டுகோள். அடுத்த முறை தொலைக்காட்சியில் அதிபரைக் காணும்போது “பார், நம்மவர்” என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். “இவரிடம் ஒரு சாவி இருக்கிறது, தெரியுமா?” என்று சேர்த்துச் சொல்லுங்கள். தர்மனின் ஆறாண்டுப் பதவிக்காலம் 2029இல் முடிகிறது. அதற்கடுத்த தேர்தலின்போது இன்று என் ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் வாக்களிக்கும் வயதை எட்டியிருப்பார்கள். வாக்குச்சீட்டில் இருக்கும் படங்களுள் நம்மவர் யார் என்று தேடுவார்களா, சாவியை நம்பி ஒப்படைக்கத் தக்கவர் யார் என்று தேடுவார்களா? அது இன்று நம் வீட்டிலும் வகுப்பிலும் முடிவாகிறது.

எங்கள் சுவரொட்டியை மாணவர்கள் திருத்திவிட்டார்கள். மூன்று தங்கச் சட்டங்களையும் அவர்களே எடுத்தார்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். தேவன் நாயர் படத்தின் ஓரத்தில் தாள் கிழிந்த தடம் இன்னும் இருக்கிறது. அதை மறைக்க வேறு தாள் ஒட்டவா என்று மலையாளி மாணவன் கேட்டான். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

அந்த மாணவி இப்போது வேறொரு கேள்வியோடு வந்திருக்கிறாள். “பாட்டி சாவியைக் கொடுக்க மறுத்தால், பிள்ளைகளாகிய நாங்கள் யார் பக்கம் நிற்கவேண்டும், ஆசிரியர்?”

விடையை நான் சொல்லவில்லை. இரு பக்கத்துக் காரணங்களையும் கேட்டுவிட்டு வந்து சொல் என்று அனுப்பியிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளையிடமும் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியை